9.4 ஆடா, மாடா?

விலங்கியல் மாணவர்களுக்கு அலைட் பிசிக்ஸ் பிராக்டிகல் எடுப்பவன் நான். தவளையை நம்பிக் கல்லூரியில் சேர்ந்த பிள்ளைகள், வாரம் ஒரு மதியம் திருகு அளவியோடு என்னிடம் மாட்டிக்கொள்வார்கள்.

தனி ஊசல் சோதனை. 20 அலைவுக்கு ஆகும் நேரத்தைக் குறித்து, புவியீர்ப்பு முடுக்கம் காண வேண்டும். ஒரு மாணவி நோட்டை நீட்டினாள். விடை 9.4. அலகைக் காணோம். வழிவழியாக வாத்தியார்கள் கேட்டுவரும் கேள்வியை நானும் கேட்டேன்: "9.4 என்னம்மா? ஆடா, மாடா?"

"ஆடுன்னா எந்த ஸ்பீசீஸ் சார்?"

எங்கள் துறைப் பிள்ளைகளிடம் இந்தத் தொல்லை கிடையாது. முதலில் 9.8 என்று எழுதிவிட்டு, அதற்குத் தோதாக ரீடிங்கைச் சமைத்துவிடுவார்கள். இவர்களுக்குச் சமைக்க வராது. 9.4 வந்தால் 9.4 தான். ஏன் குறைந்தது என்றால், "நேச்சுரல் வேரியேஷன் சார்" என்று பதில் வரும்.

ரெக்கார்டு நோட்டு இன்னொரு கூத்து. எங்கள் பிள்ளைகள் இரண்டு கோடு இழுத்து டெலஸ்கோப் என்பார்கள். இவர்களோ ஸ்பெக்ட்ரோமீட்டருக்குப் புள்ளி வைத்து நிழல் கொடுத்து, லெவலிங் ஸ்குரூ வரை ஒன்று விடாமல் பாகம் குறித்திருப்பார்கள். ஆணா, பெண்ணா என்று எழுதாததுதான் பாக்கி.

நுண்குழாயில் தண்ணீர் சொட்டவிட்டுப் பாகுநிலை காணும் சோதனையன்று, "ஆரம் பாதியானால் ஓட்டம் 16-ல் ஒரு பங்காகிவிடும்" என்றேன்.

"அப்போ ரத்தக்குழாய்ல கொழுப்பு படிஞ்சா?" என்றது பின்வரிசை.

அன்று யாரும் கடிகாரத்தைப் பார்க்கவில்லை. இந்த விதியைக் கண்ட பாய்சொய் ஒரு பிரெஞ்சு மருத்துவர். ரத்த ஓட்டத்தை ஆராயப் போனவர்தான் குழாய்க்குள் இறங்கினார். யங் குணகத்துக்குரிய தாமஸ் யங் லண்டனில் வைத்தியம் பார்த்தவர். கலிலியோ பைசாவில் மருத்துவம் படிக்கச் சேர்ந்து, பட்டம் வாங்காமல் வெளியேறியவர். கால்வனோமீட்டர் தாங்கியிருக்கும் பெயர் கால்வானியுடையது. அவர் பொலோன்யாவில் உடற்கூறியல் பேராசிரியர், தவளைக்கால் துடித்த கதையை 1791-ல் எழுதி வெளியிட்டவர்.

ஆக, லேபைக் கட்டியதில் பாதிப்பேர் அவர்கள் ஆட்கள். நான் வெறும் வாடகைக்காரன்.

இதைச் சொன்னதன் பலன் மறுவாரமே தெரிந்தது. கால்வனோமீட்டரில் முள் அசையவில்லை. விலங்குகளை அறுக்கும் சோதனைகளை யுஜிசி நிறுத்தச் சொன்னதிலிருந்து இவர்கள் கை ஏற்கெனவே துறுதுறுத்துக்கொண்டிருக்கிறது. நான் கனெக்‌ஷனைப் பார்க்கக் குனிவதற்குள் ஒருவன் அதைக் குப்புறக் கவிழ்த்துப் போட்டுவிட்டான்.

"உயிர் இல்லை சார். ஓப்பன் பண்ணிரலாமா?"