யாரும் திட்டாத பத்து நாள்

டெபியன் லினக்ஸில் ஒரு பேக்கேஜ் தேறிவிட்டதா என்று கண்டுபிடிக்க அந்தக் காலத்தில் அருமையான ஒரு முறை இருந்தது: பத்து நாள் சும்மா இருப்பது. அன்ஸ்டேபிள் கிளையில் அப்லோட் செய்துவிட வேண்டியது. எல்லா வகைப் பிராசஸருக்கும் பில்டு ஆகி, மற்றவர்களின் பேக்கேஜை நிறுவ முடியாதபடி கெடுக்காமலும், பத்து நாளில் யாரும் பெரிய பக் எழுதிப் போடாமலும் இருந்தால், பிரிட்னி என்ற ஸ்கிரிப்ட் அதை டெஸ்டிங் கிளைக்குத் தள்ளிவிடும். அவசரம் நடுத்தரம் என்று குறித்தால் ஐந்து நாள், அதிகம் என்றால் இரண்டே நாள். யாரும் திட்டவில்லையென்றால் மென்பொருள் நன்றாக இருக்கிறது, அல்லது அதை யாரும் பயன்படுத்தவே இல்லை. இரண்டுக்கும் உள்ள வித்தியாசம் பிரிட்னிக்குத் தெரியாது. என் பேக்கேஜ்கள் பெரும்பாலும் இரண்டாவது வகை என்பதால் தங்குதடையின்றிப் போய்ச் சேர்ந்தன.

அப்போதும் டெஸ்ட் இல்லாமல் இல்லை. மென்பொருளை எழுதியவர்களே கூடச் சேர்த்து அனுப்பிய டெஸ்ட்கள் பில்டு நேரத்தில் ஓடும். ஒன்று ஃபெயில் ஆனாலும் பில்டு நின்றுவிடும். இதற்கு மேக்ஃபைலில் கைவைத்தியம் உண்டு. கட்டளைக்கு முன்னால் ஒரே ஒரு கழித்தல் குறி. அதைப் போட்டுவிட்டால் டெஸ்ட் ஓடும், கதறும், லாகில் பக்கம் பக்கமாக எழுதித் தள்ளும். பில்டு மட்டும் எதையும் கண்டுகொள்ளாமல் மேலே போய்க்கொண்டிருக்கும். பழைய பேக்கேஜ்களைத் திறந்தால் இந்தச் சின்னக் கோட்டை இன்றும் பார்க்கலாம்.

இதைச் சோம்பேறித்தனம் என்பது அநியாயம். பழைய இன்டெல் பிராசஸர் தசமக் கணக்கை 80 பிட் துல்லியத்தில் போட்டு வைத்துக்கொள்ளும், மற்றவை 64 பிட்டில் போடும். கடைசி இலக்கம் உதைக்கும், டெஸ்ட் ஃபெயில். அந்த இலக்கத்தால் யாருக்கும் கெடுதல் இல்லை என்று ஓர் ஆள் உட்கார்ந்து பார்த்து முடிவெடுத்தார். ரிலீஸும் அப்படித்தான். பக் பட்டியலை மனிதர்கள் வரிவரியாகப் படித்து, இது தீராமல் முடியாது, இது போனால் போகட்டும் என்று பிரித்தார்கள். 2002 ஜூலையில் ‘உடி’ என்ற ரிலீஸ் வந்தது; அடுத்த ‘சார்ஜ்’ வர 2005 ஜூன் ஆகிவிட்டது. ஏன் இத்தனை தாமதம் என்று சண்டை போட அன்று ஆள் இருந்தார்கள். அது ஒரு வசதி.

இப்போது அந்தக் கஷ்டமெல்லாம் இல்லை. நிறுவிய பேக்கேஜையே ஓட்டிப் பார்க்கும் ஆட்டோபேக்கேஜ்டெஸ்ட் இருக்கிறது. 2014 முதல் அதை இரவுபகலாக ஓட்டத் தனி சர்வர்கள் இருக்கின்றன. 2018இல் பிரிட்னியும் அந்த முடிவுகளைப் பார்க்க ஆரம்பித்தது. பாஸ் ஆனால், நடுத்தர அவசரத்துக்கான ஐந்து நாள் காத்திருப்பில் மூன்று நாள் தள்ளுபடி. நேற்று வரை பாஸான டெஸ்ட் இன்று உடைந்தால் முதலில் தாமதம் மட்டும், பிற்பாடு தடையே.

‘நேற்று வரை பாஸான’ என்பதைக் கவனிக்க வேண்டும். டெஸ்டிங் கிளையில் ஏற்கெனவே ஃபெயில் ஆகிக்கொண்டிருக்கும் டெஸ்ட் மறுபடி ஃபெயில் ஆனால் குற்றமில்லை. எப்போதும் ஃபெயில் ஆகிற பையனை யாரும் எதுவும் கேட்பதில்லை. முதல் மார்க் வாங்குகிறவனுக்கு நாலு மார்க் குறைந்தால்தான் அப்பாவை அழைத்து வரச் சொல்வார்கள். ஒழுங்காக டெஸ்ட் எழுதியவர் வாசலில் நிற்பார், எழுதாதவர் ஐந்தாம் நாள் உள்ளே போய்விடுவார்.

தள்ளுபடி என்றதும் டெஸ்ட்கள் பெருகின. சில, நிரலைக் கூப்பிட்டு அதன் பதிப்பு எண்ணை மட்டும் கேட்டுவிட்டுத் திருப்தியடைபவை. இவற்றுக்கென்றே ‘மேலோட்டம்’ என்று ஒரு முத்திரை வந்தது. அது குத்தப்பட்ட டெஸ்ட் பாஸானாலும் சலுகை கிடையாது.

என்னை அதிகம் ரசிக்க வைப்பது எச்சரிக்கை வரி. ஒரு நிரல் விடையை ஒரு வழியாகவும் புலம்பலை இன்னொரு வழியாகவும் வெளியே விடும். தனியாக அனுமதி எழுதி வைக்காவிட்டால், புலம்பல் வழியில் ஒரு வரி வந்தாலும் ஆட்டோபேக்கேஜ்டெஸ்டுக்கு அது ஃபெயில்தான். 2023இல் பைத்தான் 3.12, வேண்டாத இடத்தில் இருக்கும் பின்சாய்கோட்டைக் கண்டால் கண்ணில் படும்படி எச்சரிக்க ஆரம்பித்தது. ஒரு லாகைத் திறந்தேன். எல்லா டெஸ்டும் ஓகே, ஓகே, ஓகே. கடைசியில் அந்தப் பின்சாய்கோட்டைப் பற்றி ஒரு முணுமுணுப்பு. அதற்குக் கீழே, ஃபெயில்.

அப்புறம் கமா விவகாரம். என் லைப்ரரியை நம்பி ஒரு பேக்கேஜ் வைத்திருக்கும் பையன் எழுதினான்: “அண்ணா, உங்க புது வெர்ஷன் என் டெஸ்டை உடைக்குது.” அவன் டெஸ்ட் உடைந்தால் நிற்பது என் லைப்ரரி, விதி அப்படி. பார்த்தால், பிழைச் செய்தி ஒன்றில் புதிதாக ஒரு கமா சேர்ந்திருந்தது. அவன் டெஸ்ட் அந்தச் செய்தியை எழுத்துக்கு எழுத்து ஒப்பிடுகிறது.

“கமா அங்க வரணும்தானே?”

“வரணும்ணா. பிரிட்னிக்கு அது தெரியாதே.”

“அந்த டெஸ்டை எடுத்துடேன்.”

“இருக்கிற ஒண்ணு ரெண்டையும் எடுத்துட்டா, ரிலீஸுக்கு முந்தின ஃப்ரீஸ் சமயத்துல ரிலீஸ் டீமுக்கு மெயில் போட்டு அனுமதி கேட்டு நிக்கணும்ணா. உருப்படியான டெஸ்ட் இருந்து பாஸானா தானா உள்ள போயிடும்.”

விவரமானவன். டெஸ்டை எடுக்கவுமில்லை, திருத்தவுமில்லை. அதற்கு நேராக ‘ஃப்ளேக்கி’ என்று எழுதினான். ஒரு சமயம் பாஸாகி ஒரு சமயம் ஃபெயிலாகிற நிலையில்லாத டெஸ்டுக்கென ஏற்பட்ட குறி அது. ஓடும், ஃபெயில் ஆனால் கணக்கில் வராது. மற்ற டெஸ்ட்கள் பச்சை. அவன் பேக்கேஜ் முதலில் உள்ளே போனது, பின்னாலேயே என்னுடையது. அந்த ஃப்ளேக்கி டெஸ்டின் லாகை இப்போதும் எப்போதாவது பார்க்கிறேன். இதுவரை ஒரு தடவைகூட நிலை தவறியதில்லை. எல்லா முறையும் ஃபெயில்தான்.