முதல் மரியாதை குதிரைக்கு

மெல்பர்ன்,
நவம்பர் மாதக் கடைசி

அன்புள்ள பெரியப்பாவுக்கு,

இங்கே நாங்கள் மூவரும் நலம். நீங்களும் பெரியம்மாவும் நலமாக இருக்க அரைக்காசு அம்மனை வேண்டிக்கொள்கிறேன்.

போனில் ஒன்று கேட்டீர்கள். "குதிரை வச்சிருக்கறவங்கன்னா பெரிய இடமாச்சேம்மா. நம்ம புள்ள அங்க போயி எப்படிப் பழகுது? மரியாதையா நடத்துறாங்களா?" நான் வாயைத் திறப்பதற்குள் பெரியம்மா போனை வாங்கிக்கொண்டார். அதற்கப்புறம் திருக்கோகர்ணத்துக் கத்தரிக்காய் விலை, எதிர்வீட்டுச் சம்பந்தம், முழங்கால் வலி என்று போய்விட்டது. ஆகவே கடிதம்.

பாப்பாவைக் குதிரை கிளப்பில் சேர்த்தபோது உங்கள் மாப்பிள்ளைக்கும் இதே கவலைதான். பழைய சினிமாவில் குதிரை ஏறுகிற ஜமீன்தார்களை நிறையப் பார்த்தவர் அவர். சாட்டையும் கையுமாக நிற்பார்களே, அவர்கள்தான் இங்கேயும் இருப்பார்கள் என்று நம்பினார். முதல் ஞாயிற்றுக்கிழமைக்கென்று புதுக் கோட்டு எடுத்தார், ஷூவைத் துடைத்துப் பளபளவென்று ஆக்கினார். பாக்கன்ஹாம் பக்கம் ஒரு மேய்ச்சல் நிலம். இறங்கிய இடத்திலேயே கணுக்கால் வரை சேறு. அங்கிருந்த பெரிய மனிதர்கள் அத்தனை பேரும் முழங்கை கிழிந்த ஸ்வெட்டரும் ரப்பர் பூட்ஸுமாக, கூடையில் குதிரை லத்தியை அள்ளிக்கொண்டிருந்தார்கள். யார் முதலாளி, யார் வேலையாள் என்று மாப்பிள்ளை கடைசி வரை தேடினார். இன்னும் தெரியவில்லை.

அந்தக் கோட்டை ஒருவரும் பார்க்கவில்லை என்பதுதான் அவருக்குத் தாங்க முடியாத வருத்தம். ஆனால் அவர் கையை எல்லோரும் பார்த்தார்கள். ஏனென்றால் கையில் டிபன் பாக்ஸ். குதிரை என்றால் கொள்ளு என்று நம் ஊர்ப் பிள்ளைக்குச் சொல்லியா தர வேண்டும்? இந்தியக் கடையில் கொள்ளு வாங்கி, முதல் நாள் இரவே ஊறப்போட்டு, வேகவைத்து, உப்புப் போடாமல் எடுத்து வந்திருந்தார். வேலிக்கு அந்தப் பக்கம் நின்ற ஒரு செம்பட்டைக் குதிரையிடம் டப்பாவை நீட்டப் போனார். எங்கிருந்தோ ஒரு பாட்டியம்மா வந்து இடையில் நின்றார். எழுபது வயதுக்கு மேல் இருக்கும், இரண்டு கையிலும் தண்ணீர் வாளி. குதிரைக்காரரைக் கேட்காமல் குதிரைக்கு எதையும் கொடுக்கக் கூடாதாம். குதிரைக்கு வாந்தி எடுக்க வராது, வயிற்றுக்கு ஒவ்வாதது உள்ளே போனால் போனதுதான், வயிற்றுவலியிலேயே செத்துப்போகும் என்று நிதானமாக விளக்கினார். பிறகு டப்பாவை வாங்கி முகர்ந்து பார்த்துவிட்டு, "இதை நீங்கள் சாப்பிடலாமே" என்றார். மாப்பிள்ளை காரில் உட்கார்ந்து சாப்பிட்டார்.

இப்படி ஆரம்பித்ததுதான் எங்கள் மரியாதைப் பாடம். பாப்பா ஏறுவது ஒரு கிழட்டு மட்டக்குதிரை. சொந்தமில்லை, வாடகை. பெயர் பிஸ்கட். அது ஏறவிடுவதற்கு முன்னால் நடக்கும் சடங்குகளைப் பார்த்தால் நம் கோயில் குருக்களே அசந்துபோவார். முன்னே வரும்போது சும்மா வரக்கூடாது, பேசிக்கொண்டே வர வேண்டும். குதிரைக்கு நேர் பின்பக்கம் கண் தெரியாது. அங்கே சத்தமில்லாமல் போய் நின்றால் உதைக்கும், உதைத்தால் குற்றம் குதிரையுடையது அல்ல. இடப்பக்கமாகப் போய்க் கழுத்தில் கை வைத்து, நான்தான் என்று தெரிவித்து, பிறகு ஒவ்வொரு காலாகத் தூக்கி வளைந்த கொக்கியால் குளம்பில் ஒட்டிய மண்ணையும் கல்லையும் எடுக்க வேண்டும். குதிகாலிலிருந்து நுனியை நோக்கித்தான் எடுக்க வேண்டும். நடுவில் முக்கோணமாக மெத்தென்று ஓர் இடம் இருக்கிறது, அதில் கொக்கி படக்கூடாது. வீட்டில் தன் தட்டைக் கழுவ அழும் பெண் இதை முனகாமல் செய்கிறாள்.

அப்புறம் சோதனை. மைதானத்தில் இறங்குமுன் ஒருவர் வந்து சேணத்தின் தையலை இழுத்துப் பார்க்கிறார், வயிற்றுப்பட்டைக்குள் விரல் விட்டுப் பார்க்கிறார், அங்கவடி பாப்பாவின் பூட்ஸைவிடக் கொஞ்சம் அகலமாக இருக்கிறதா என்று அளக்கிறார். விழுந்தால் கால் மாட்டிக்கொள்ளக் கூடாதல்லவா. ஒரு பையன் விலை உயர்ந்த புதுச் சேணத்தோடு வந்தான், தையல் ஒரு விரற்கடை விட்டிருந்தது. இறக்கிவிட்டார்கள். அவன் அப்பா பெரிய டாக்டர் என்றார்கள். அவரும் தலையாட்டிவிட்டு மகனை அழைத்துக்கொண்டு ஓரமாய்ப் போய் நின்றார். "நான் யார் தெரியுமா" என்று ஒரு குரல் கிளம்பும் என்று காதைத் தீட்டிக்கொண்டு காத்திருந்தேன், கிளம்பவே இல்லை.

உதைக்கிற குதிரையின் வாலில் சிவப்பு ரிப்பன் கட்டுகிறார்கள். பழகாத இளங்குதிரைக்குப் பச்சை. தன் குதிரையின் கெட்ட குணத்தை இப்படி ஊரறியச் சொல்வதுதான் நாகரிகமாம். நம்மில் சில மாப்பிள்ளைகளுக்கும் கட்டலாம் என்று எனக்குத் தோன்றியது (நம் வீட்டு மாப்பிள்ளைக்கு வேண்டாம், அவர் கார் சாவியைத் தொலைப்பதோடு சரி. போன மாதம் அதை அரைக்காசு அம்மனுக்கு வெல்லம் வேண்டிக்கொண்டு லத்திக் கூடையிலிருந்து எடுத்தார்). கேட்டை எப்படி இருந்ததோ அப்படியே விட்டுப் போக வேண்டும். மூடியிருந்தால் மூடு, திறந்திருந்தால் திறந்தே விடு. சவாரி முடிந்ததும் பிள்ளை பசியில் வாடினாலும் முதலில் குதிரைக்குத் தண்ணீர், பிறகு உடம்பைத் தேய்த்துவிடுவது, அதற்கப்புறம்தான் பிள்ளைக்கு சாண்ட்விச்.

உங்களுக்குப் பிடிக்கும் என்று ஒரு சட்டமும் சொல்கிறேன். இங்கே சாலையில் குதிரை மிரண்டால், மேலே இருப்பவர் கையை உயர்த்திக் குதிரையைச் சுட்டிக்காட்டினால் போதும். வருகிற கார் இடப்பக்கம் ஒதுங்கி, நின்று, இன்ஜினையும் அணைத்துவிட வேண்டும். குதிரை சமாதானமாகும் வரை கிளப்பக் கூடாது. ஒரு நாள் எனக்கே இது நேர்ந்தது. ஒரு சின்னப் பெண் கையைத் தூக்கினாள், எனக்குப் பின்னால் ஒரு பெரிய லாரி. இரண்டு வண்டியும் வாயை மூடிக்கொண்டு நின்றோம். நம் திருச்சி ரோட்டில் ஏர்ஹாரன் வைத்த பஸ்ஸை இப்படி நினைத்துப் பார்த்தேன், சிரிப்புதான் வந்தது.

இதெல்லாம் கிளப்பின் கதை. நீங்கள் நினைக்கும் பெரிய இடம் வேறு, அது பந்தயக் களம். நவம்பர் முதல் செவ்வாய்க்கிழமை மெல்பர்ன் கோப்பை. 1861-லிருந்து ஓடுகிறது. 3,200 மீட்டர், மூன்று நிமிஷம் சொச்சத்தில் முடிந்துவிடும். அதற்காக நகரத்துக்கே அரசு விடுமுறை. உறுப்பினர் பகுதிக்குள் போக ஆண்களுக்குக் கோட்டும் டையும் வேண்டும். பெண்கள் தலையில் தொப்பி, இறகு, வலை என்று ஆளுக்கொரு கோபுரம். இந்த முறை மாப்பிள்ளையின் கோட்டுக்கு ஒருவழியாக வேலை வந்தது. காலையில் பார்த்தால் எல்லோரும் இங்கிலாந்து ராணிக்கு உறவு. சாயங்காலம் ரயிலடியில் பார்த்தால் செருப்பைக் கையில் பிடித்துக்கொண்டு, டை காதோரம் தொங்க, புல்லில் படுத்திருக்கிறார்கள். ஓடிய குதிரைகளைத் தவிர மற்ற எல்லோரும் தள்ளாடினார்கள்.

அந்தக் கூட்டத்தில் குதிரையைத் தொட்டவர்கள் எத்தனை பேர் இருப்பார்கள்? ஆனால் குதிரைக்காரர்களிடம் அந்தக் கோப்பையைப் பற்றிக் கேட்டால் தொப்பியைப் பற்றி யாரும் பேசுவதில்லை. வாளிப் பாட்டி (பெயர் வைத்தவர் மாப்பிள்ளை) சொன்னது 2015 கதை. ஒன்றுக்கு நூறு என்று யாரும் சீந்தாத குதிரை, பிரின்ஸ் ஆஃப் பென்சான்ஸ். ஓட்டியவர் மிஷேல் பெய்ன், 10 பிள்ளைகள் பிறந்த வீட்டின் கடைக்குட்டி. அவர் ஜெயித்தார், அந்தக் கோப்பையை வென்ற முதல் பெண் ஜாக்கி. குதிரையைக் கவனித்துக்கொண்டவர் அவர் அண்ணன் ஸ்டீவி, டவுன் சிண்ட்ரோம் உள்ளவர். எந்த இடத்திலிருந்து கிளம்புவது என்ற குலுக்கலில் ஒன்றாம் எண்ணை எடுத்துக் கொடுத்ததும் ஸ்டீவிதான். பாட்டிக்கு அதைச் சொல்லும்போதே குரல் கம்மியது. அதே குதிரையின் பயிற்சியாளருக்கு 2019-ல் 4 ஆண்டு தடை விழுந்தது, குதிரைக்கு மின்சார அதிர்ச்சி கொடுக்கும் கருவிகளை வைத்திருந்ததற்காக. அதையும் பாட்டியே சொன்னார். சொல்லிவிட்டுத் தரையில் துப்பினார். ஆசாரமான மனுஷி, அன்றைக்குத்தான் அவர் துப்பியதைப் பார்த்தேன்.

நம் வீட்டுக்குப் பக்கத்து மியூசியத்தில் பாடம் பண்ணி வைத்த பிராணிகளைப் பார்க்க என்னை எத்தனை தரம் கூட்டிப் போயிருப்பீர்கள்? மெல்பர்ன் மியூசியத்திலும் அப்படி ஒருவர் நிற்கிறார். ஃபார் லாப், 1930-இல் கோப்பை ஜெயித்த குதிரை. கண்ணாடிக்குப் பின்னால் செம்பழுப்பு மினுமினுப்போடு, இப்போதுதான் தேய்த்துவிட்ட மாதிரி. தோல் இங்கே, எலும்பு நியூசிலாந்தில், இதயம் கான்பெராவில் என்று மூன்று ஊருக்குப் பங்கு வைத்திருக்கிறார்கள். அந்தப் பந்தயத்துக்குச் சில நாள் முன்பு ஃபார் லாப்பைச் சுடப் பார்த்தார்கள். கூடப் போன டாமி வுட்காக் என்ற பணியாள்தான் காப்பாற்றினார். லாயத்தில் அதன் பக்கத்திலேயே படுத்துத் தூங்குகிறவர், அவர் ஊட்டினால்தான் சாப்பிடுமாம். 1932-இல் கலிஃபோர்னியாவில் அது செத்தபோதும் கூடவே இருந்தவர் அவர்தான். உரிமையாளர்கள் பெயரைப் பாட்டியிடம் கேட்டேன். யோசித்துப் பார்த்துவிட்டு, ஞாபகமில்லை என்றார். டாமியின் பெயர் மட்டும் பேரனின் பெயர் போல வாயில் வருகிறது.

பெரிய இடம் என்றதும் நம் புதுக்கோட்டை ராஜாவின் ஞாபகம் வந்தது பெரியப்பா. மார்த்தாண்ட பைரவத் தொண்டைமான் 1915 ஆகஸ்டில் மோலி ஃபிங்க் என்ற ஆஸ்திரேலியப் பெண்ணைப் பதிவுத் திருமணம் செய்தது இதே மெல்பர்னில்தான். வெள்ளைக்கார அரசாங்கம் அந்த அம்மாளை ராணி என்று ஒப்புக்கொள்ளவில்லை. 1916-இல் பிறந்த பையனுக்குப் பட்டமும் இல்லை. ராஜா ஊரை விட்டு வந்து சிட்னியில் பந்தயக் குதிரைகள் வைத்துக்கொண்டிருந்தார், பிறகு பிரான்ஸ், 1928-இல் பாரிஸில் காலமானார். இதில் எனக்கு ஒரு வேடிக்கை. குதிரையின் தாய் யார், தகப்பன் யார் என்று ஏட்டில் எழுதிவைத்துக் கொண்டாடுகிற அந்த மேட்டுக்குடி, ராஜா பிள்ளைக்கும் அதே ஏட்டைத்தான் விரித்தது. ஆனால் அவர்கள் தலையில் தூக்கி வைத்து ஆடும் ஜாதிக் குதிரைகளின் ஆண்வழி மூதாதையர் யார்? 300 வருஷம் முன்பு கிழக்கேயிருந்து இங்கிலாந்துக்குக் கொண்டுபோன மூன்று குதிரைகள். பெயரிலேயே ஒன்று துருக்கி, இரண்டு அரபி. குதிரை வெளியூர் என்றால் குலப்பெருமை, மனுஷி வெளியூர் என்றால் குலக்கேடு.

குதிரைக்காரர்கள் எல்லோரும் யோக்கியர்கள் என்று எழுதினால் ஆவுடையார்கோயில் பக்கம் வளர்ந்தவர்கள் சிரிப்பீர்கள். குதிரை வாங்கக் கொடுத்த பாண்டியன் பணத்தில் மாணிக்கவாசகர் கோயில் கட்டினார். சாமியே குதிரை வியாபாரியாக வந்து நரிகளைப் பரிகளாக்கி விற்றார். கயிறு மாற்றிக் கொடுத்தாயிற்று, இனி உன் பாடு என்று போய்விட்டார். ராத்திரி எல்லாம் மறுபடி நரி. கடவுளே செய்தால் மனிதன் செய்யமாட்டானா? பாண்டிய நாட்டுக்குக் குதிரை கொண்டுவந்த கடல் வியாபாரிகள், லாடம் கட்டிக் குதிரையைக் கவனிக்கத் தெரிந்தவர்களை வரவிடாமல் பார்த்துக்கொண்டார்கள் என்று மார்க்கோ போலோ எழுதிவைத்திருக்கிறார். குதிரை செத்தால்தானே அடுத்த கப்பலுக்கு வியாபாரம். இங்கேயும் "அனுபவசாலிகளுக்கு ஏற்றது" என்று விளம்பரம் வந்தால் அது தூக்கிப் போடும் என்று அர்த்தமாம். கால்நடை டாக்டரைக் கூட்டிப் போகாமல் யாரும் கயிறு மாற்றிக்கொள்வதில்லை.

உங்கள் கேள்விக்கு வருகிறேன். மரியாதையாக நடத்துகிறார்களா? எங்களை என்று கேட்டால், பாதி நேரம் கண்டுகொள்வதே இல்லை. காபி கொடுப்பதில்லை, உட்காரச் சொல்வதில்லை, பாப்பாவை ஊரே கேட்கக் கத்துவார்கள். நம் பக்கம் திருவிழாவில் முதல் மரியாதை யாருக்கு, பரிவட்டம் யார் தலையில் என்று கோர்ட்டு வரை போவார்களே, இங்கே அந்தச் சண்டைக்கே வழியில்லை. முதல் மரியாதை குதிரைக்கு. மிச்சம் இருந்தால் மனிதனுக்கு. அந்த மிச்சத்தில் டாக்டர் பிள்ளைக்கும் நம் பிள்ளைக்கும் ஒரே பங்கு. நாங்கள் எந்த ஊர், என்ன ஆள், மாப்பிள்ளைக்குச் சம்பளம் எவ்வளவு என்று இதுவரை ஒரு குரலும் கேட்கவில்லை. பிஸ்கட்டின் பின்னங்கால் வீக்கம் குறைந்துவிட்டதா என்று மட்டும் எல்லோரும் கேட்டார்கள். முதலில் எனக்கு அது சப்பென்றிருந்தது. இப்போது பிடித்திருக்கிறது.

பாப்பா உங்களிடம் ஒன்று கேட்கச் சொன்னாள். மாசி மகத்துக்கு, பள்ளியில் லீவு கிடைத்தால், ஊருக்கு வருகிறோம். குளமங்கலம் அய்யனார் கோயில் குதிரைக்கு அவள் காகிதப்பூ மாலை போட வேண்டுமாம். 33 அடிக் குதிரை என்றாலும் இடப்பக்கமாகத்தான் போக வேண்டுமா? மாலை போட அய்யனாரிடம் அனுமதி கேட்க வேண்டுமா, குதிரையிடமா? அதைக் கவனித்துக்கொள்கிற ஆள் யார், அவர் பெயர் என்ன? பூசாரி வேளாரை விசாரித்து எழுதுங்கள். விளையாட்டு என்று நினைத்துவிடாதீர்கள், பதில் வராமல் டிக்கெட் போடவிட மாட்டேன் என்கிறாள்.

பெரியம்மாவுக்கு என் நமஸ்காரம். தைலம் இரவில் மட்டும் தடவச் சொல்லுங்கள்.

இப்படிக்கு,
உங்கள் அன்பு மகள்