பச்சைத் திரைப் பக்தன்

(செவ்வாய்க்கிழமை காலை பதினொரு மணி. அக்கா மகன் லேப்டாப் முன்னால் தவம் இருக்கிறான். எண்பதுகளில் கம்ப்யூட்டர் சென்டர் ஆபரேட்டராக இருந்து ரிட்டயர் ஆன மாமா, காபி டம்ளரோடு எட்டிப் பார்க்கிறார்.)

மாமா: என்னடா, ஸ்கிரீன் போச்சா? எழுத்தெல்லாம் நடுங்குது.

மருமகன்: நடுங்கணும் மாமா! இந்த சாஃப்ட்வேருக்குப் பேரு கூல் ரெட்ரோ டெர்ம். பழைய குழாய்த் திரை மாதிரியே ஓரம் வளையும், மினுக்கும், போன எழுத்தோட நிழல் கொஞ்ச நேரம் நிக்கும். எது எவ்வளவுன்னு நாமளே கூட்டிக் குறைச்சுக்கலாம்.

மாமா: எங்களுக்கு இப்படி ஆனா சர்வீஸ் இன்ஜினியருக்கு ஃபோன் போட்டு மூணு நாள் காத்திருப்போம். அவர் வர்ற வரைக்கும் பக்கவாட்டில ஓங்கி ஒரு அறை.

மருமகன்: அதான் மாமா, அந்தக் காலத்து ஆன்மா!

மாமா: ஆன்மா இல்லடா, லூஸ் கனெக்‌ஷன்.

மருமகன்: 1978-ல வந்த வி.டி.100 டெர்மினல் சாதாரணமா? 24 வரி, வரிக்கு 80 எழுத்து. இன்னிக்கும் லினக்ஸ் டெர்மினல் அதோட பாஷையைத்தான் பேசுது. அந்தப் பச்சை எழுத்தைப் பார்த்தாலே சின்ன வயசு ஞாபகம் வருது.

மாமா: நீ பொறந்ததே 1998. வி.டி.100-ல எழுத்து வெள்ளை.

மருமகன்: ...பச்சையிலதான் ஃபீல் வருது மாமா.

மாமா: அது சரி, திரையில ஓடுறது என்ன ஆட்டம்?

மருமகன்: 'அட்வென்ச்சர்'. அமெரிக்காவில வில் க்ரௌதர்னு ஒரு புரோகிராமர், குகை குகையா நுழைஞ்சவர். விவாகரத்துக்கு அப்புறம், தன் பொண்ணுங்க ஆடட்டும்னு கென்டக்கி மாமத் குகையை வெறும் வார்த்தையிலேயே கட்டிவிட்டார். 1977-ல டான் வுட்ஸ் அதைப் பெரிசாக்கினார். படமே கிடையாது. 'விளக்கை எடு'ன்னு ரெண்டு வார்த்தை அடிச்சா எடுத்துக்கும்.

மாமா: அப்ப நிறைய பேர் ஆடினது டெலிடைப்பில. திரையே கிடையாது. டொக்கு டொக்குனு காகிதத்தில அடிச்சுத் தள்ளும்.

மருமகன்: (கண்கள் விரிய) அந்தச் சத்தத்துக்கும் ஏதாவது சாஃப்ட்வேர் இருக்கும்...

மாமா: ராத்திரி ஷிஃப்டில நானும் ஆடியிருக்கேன். பிரிண்டர் பேப்பர் பின்பக்கம் பென்சிலால வழி வரைஞ்சு வரைஞ்சு அழிப்பேன். உள்ளே ஒரு சுத்துப்பாதை இருக்கு, எங்கே நின்னாலும் ஒரே மாதிரி விவரம்தான் வரும். கையில இருக்கிற சாமானை இடத்துக்கு ஒண்ணாப் போட்டு அடையாளம் வெச்சாத்தான் தப்பிக்கலாம். எனக்கு ரெண்டு மாசம் ஆச்சு.

மருமகன்: நான் பக்கத்து விண்டோவில விடையைத் திறந்து வெச்சிருக்கேன். சாப்பாட்டுக்குள்ள முடிஞ்சுடும்.

மாமா: ரிப்பேர் மட்டும் அசல் வேணுமாக்கும்! வுட்ஸ் எழுதின அசலில, வேலை நாள்ல காலை 8 மணியிலேர்ந்து சாயங்காலம் 6 வரைக்கும் குகை மூடியிருக்கும். ஆபீஸ் மெஷினாச்சே, அது வேலைக்கு வேணும். உன்னோடதில அந்த வசதி உண்டா?

மருமகன்: அதை... எடுத்துட்டாங்க போல மாமா.

மாமா: சரி, அந்த ஹெட்ஃபோன்ல யாரோ உன் பேரைச் சொல்லிக் கூப்பிட்டுட்டே இருக்காங்களே?

மருமகன்: அதுவும் ஒரு எஃபெக்ட்தான் மாமா.