தொண்ணூற்றிரண்டில் பாதி வழி

இணைய விளையாட்டுகளை வடிவமைப்பவர்களே, உங்களை மனதாரப் புகழ வேண்டும் என்று நெடுநாளாக எண்ணியிருந்தேன். எங்கள் ஆரோவில் பக்கத்துப் பிள்ளைகளை உங்கள் அளவுக்கு உற்றுப் பார்த்தவர் வேறு யாருமில்லை. பள்ளிக்கூடம் ஒரு பையனைப் பரீட்சைக்குப் பரீட்சை பார்க்கிறது. பெற்றவர்கள் வேலை முடிந்து வந்த களைப்பில் பார்க்கிறார்கள். நீங்களோ அவன் எந்த இடத்தில் அலுத்துக் கைபேசியைக் கீழே வைத்தான், மறுபடி எப்போது எடுத்தான் என்பது வரை குறித்து வைத்திருக்கிறீர்கள்.

'ரூன்ஸ்கேப்' என்ற ஆட்டத்தையே எடுத்துக்கொள்கிறேன். கோவர் சகோதரர்கள் 2001-இல் இங்கிலாந்தில் தொடங்கியது. அதில் மரம் வெட்டலாம், சுரங்கம் தோண்டலாம், மீன் பிடிக்கலாம், சமைக்கலாம். பெரும்பாலான திறன்களுக்கு 99 நிலைகள். முதல் நிலையிலிருந்து இரண்டாவதற்கு ஏற 83 புள்ளிகள் போதும். சில நிமிட வேலை. 99-ஐத் தொட 1,30,34,431 புள்ளிகள் வேண்டும். பொம்மையார்பாளையத்தில் எனக்குத் தெரிந்த ஒரு பையன், மீன்பிடிக் குடும்பத்துப் பிள்ளை, ஒரு நாள் ஓடி வந்து சொன்னான்.

"அண்ணே, மீன்ல தொண்ணூத்தி ரெண்டு வந்துட்டேன்!"

"அப்போ இன்னும் ஏழுதானே?"

"இல்லண்ணே, இப்பதான் பாதி தாண்டுது."

அவன் குரலில் சலிப்பே இல்லை, பெருமை இருந்தது. கணக்கும் சரிதான். 92-ஆம் நிலைக்கு 65,17,253 புள்ளிகள், முழுத் தொகையில் பாதிக்குக் கொஞ்சம் கூட. 92 படி ஏறியவனிடம் இன்னும் பாதி வழி இருக்கிறது என்று சொல்லி, அவனை மகிழ்ச்சியோடு மேலே நடக்க வைப்பது எவ்வளவு பெரிய ஆற்றல்! பத்தாம் வகுப்புக் கணக்கில் அதே பையனை ஒரு பாடம் தாண்ட வைக்க எங்களால் முடியவில்லை.

அவனுடைய அப்பா விடியலுக்கு முன் ஃபைபர் போட்டில் கடலுக்குப் போகிறவர். வாடைக் காற்றுக்கு எந்த மீன் கரையை ஒட்டி வரும், சோழகக் காற்றில் எந்தப் பக்கம் வலை விடக் கூடாது என்பதெல்லாம் அவருக்கு அத்துப்படி. அந்த அறிவுக்கு இன்றுவரை யாரும் எண் போட்டதில்லை. மகனுக்கோ நீங்கள் ஒவ்வொரு மீனுக்கும் புள்ளி தந்தீர்கள். 99-ஐ எட்டினால் அந்தத் துறையின் ஆசானே அவனைப் பாராட்டி, ஆட்டக்காசு 99,000-க்கு ஒரு சால்வையும் தருவார். அதைப் போர்த்திக்கொண்டு நடந்தால் பார்க்கிறவர்கள் அத்தனை பேருக்கும் இவன் யார் என்று தெரியும். உழைப்பை உடனுக்குடன் எண்ணி, எண்ணியதை எல்லோரும் பார்க்கக் காட்டுவது எவ்வளவு பெரிய மரியாதை என்று உங்களுக்குத்தான் புரிந்திருக்கிறது.

கிழக்குக் கடற்கரைச் சாலையில் வடக்கே போனால் மரக்காணம் உப்பளங்கள். அங்கே பாத்தியைக் காலால் மிதித்து மிதித்துத்தான் தரையை இறுக்குகிறார்கள். உப்புச் செறிவு மூன்றரை டிகிரி போல இருக்கும் கடல்நீர் ஒவ்வொரு தேக்கமாக வெயிலில் சுண்டி 25 டிகிரியைத் தொடும்போது உப்பு பூக்கும்; 30-ஐ நெருங்கவிட்டால் கசப்பு ஏறிவிடும், அதற்குள் மிச்ச நீரை வடித்தாக வேண்டும். இதைக் கற்க ஒரு பருவம் போதாது. கற்றவருக்குக் கூலி உண்டு, சால்வை கிடையாது. 2024 நவம்பர் 30-ஆம் தேதி ஃபெஞ்சல் புயல் இந்தக் கரையைக் கடந்தபோது உப்பளங்கள் வெள்ளத்தில் மூழ்கின. உங்கள் ஆட்டத்தில் எந்தப் புயலும் ஒருவன் சேர்த்த புள்ளியைக் கரைப்பதில்லை. உப்பளத்து வீட்டுப் பிள்ளை எதை நம்புவான்? உங்களை நம்புகிறான். அவ்வளவு நியாயமான முதலாளி அவன் குடும்பத்துக்கு வாய்த்ததே இல்லை.

ஒரே ஆட்டத்தில் மூழ்கித் தேர்பவனை மட்டும்தான் உங்களுக்குத் தெரியும் என்று சொன்னால் அது பாதிப் புகழ். பத்து ஆட்டங்களைத் தொட்டுத் தொட்டு விடுகிறவனையும் நீங்கள் பசியோடு அனுப்புவதில்லை. எசெக்ஸ் பல்கலைக்கழகத்தில் 1978-இல் ராய் ட்ரப்ஷாவோடு சேர்ந்து இந்த வகை ஆட்டங்களுக்கு வித்திட்ட ரிச்சர்ட் பார்ட்டில், 1996-இல் ஆடுகிறவர்களைச் சீட்டுக்கட்டின் நான்கு சாதிகளாகவே பிரித்துவிட்டார்: சாதிக்க வருகிறவர் டைமன், துருவித் தேட வருகிறவர் இஸ்பேடு, கூடிப் பேச வருகிறவர் ஆட்டின், பிறரை வீழ்த்த வருகிறவர் கிளாவர். கையில் எந்தச் சீட்டு வந்தாலும் அதற்கு ஒரு வாசல் உங்களிடம் உண்டு. புது ஆட்டத்தின் முதல் ஒரு மணி நேரத்தில்தான் எத்தனை தாராளம்! தொட்டதெல்லாம் பரிசு, நிமிடத்துக்கு ஒரு நிலை. பல ஆட்டக்காரன் எப்போதும் அந்த 83 புள்ளி நாட்டிலேயே வாழ்கிறான். எங்கும் தோற்காததால் எங்கும் எதையும் கற்காமல், தனக்கு எல்லாம் வரும் என்று நம்பிக்கொண்டு.

அவன் போய்விடாமல் இருக்கவும் வழி செய்திருக்கிறீர்கள். 2020-இல் வந்த 'கென்ஷின் இம்பாக்ட்' ஆட்டத்தில் 'ரெசின்' என்று ஒன்று 8 நிமிடத்துக்கு ஒரு துளியாக ஊறும். நிறைந்ததும் போய்ச் செலவழிக்க வேண்டும், இல்லாவிட்டால் மேலே ஊறாது. எங்கள் பக்கத்து இரும்பையில் கடுவெளிச் சித்தர் புற்று மூடும்வரை தவமிருந்தார் என்று கதை சொல்வார்கள். அந்தத் தவத்தைக் கலைக்க வள்ளி என்ற ஆடற்பெண் அப்பளத்தோடு பக்கத்தில் பொறுமையாகக் காத்திருக்க வேண்டியிருந்தது. உங்கள் அறிவிப்பு மணிக்கு ஒரு நொடி போதும். பையன் பாடப் புத்தகத்தைத்தான் வைத்திருக்கட்டும், தங்கையோடு பேசிக்கொண்டுதான் இருக்கட்டும், எழுந்து வந்துவிடுவான்.

இந்த இரண்டு வகை ஆட்டக்காரர்களில் எனக்குப் பிடித்தவன் ஒரே ஆட்டத்தில் தேர்கிறவன்தான். தோல்வியைத் தாங்கவும், ஒரே வேலையை ஆயிரம் முறை செய்யவும், அதில் நுட்பம் காணவும் அவன் உண்மையிலேயே கற்றிருக்கிறான். அது எவ்வளவு அரிய குணம் என்பதை ஆரோவில்லில் இருக்கிறவர்கள் கண்ணால் கண்டிருக்கிறார்கள். 1968 பிப்ரவரி 28-இல் இந்த நகரம் தொடங்கியபோது இங்கே மழைநீர் அரித்த செம்மண் மேடுதான் இருந்தது. வந்தவர்கள் பலர் எதையாவது தொட்டுப் பார்த்துவிட்டுத் திரும்பினார்கள். இன்றும் ஒரு வாரம் யோகம், ஒரு வாரம் மண்பாண்டம் என்று போகிறவர்கள் உண்டு, அதில் குற்றம் ஒன்றுமில்லை. ஆனால் காடு வளர்ந்தது, ஒரே துண்டு நிலத்தில் வரப்பு கட்டி, கத்திச்சவுக்கு நட்டு நிழல் உண்டாக்கி, அந்த நிழலில் இந்த மண்ணுக்கே உரிய மரங்களைப் பல பத்தாண்டுகள் வளர்த்தவர்களால்தான். பிச்சாண்டிக்குளம் காட்டில் அப்படிக் கற்றவர்கள் பிறகு சென்னைக்குப் போய் அடையாறு பூங்காவை மீட்டெடுக்கும் வேலைக்குத் திட்டம் வகுத்தார்கள். ஒரு காட்டில் பெற்ற தேர்ச்சி, குப்பை மேடாகிக் கிடந்த இன்னொரு ஊரின் கழிமுகத்துக்குப் பயன்பட்டது.

பொம்மையார்பாளையத்துப் பையனின் தேர்ச்சி எங்கே போகும்? இங்கேதான் உங்கள் கைவண்ணத்தை நான் மிக வியக்கிறேன். அவனிடமிருந்த பொறுமை முழுவதையும் வெளியே கொண்டுவந்தீர்கள். அது வேறெங்கும் சிந்தாதபடி ஒரு கணக்குக்குள் வைத்துப் பூட்டினீர்கள். அந்தக் கணக்கும் அவனுடையதில்லை, ஆடுவதற்கான அனுமதி மட்டும்தான் அவனுடையது என்று அவன் படிக்காமல் 'சரி' கொடுத்த ஒப்பந்தத்தில் நேர்மையாக எழுதியும் வைத்திருக்கிறீர்கள். ஆசானாக இருந்தால் மாணவனை ஒரு நாள் வெளியே அனுப்பித்தான் ஆக வேண்டும். நீங்கள் 99 வந்த பிறகும் அனுப்புவதில்லை; அடுத்த திறனைக் காட்டுகிறீர்கள்.

சட்டமும் உங்கள் மேல் குறை காணவில்லை. 2025 ஆகஸ்டில் நாடாளுமன்றம் நிறைவேற்றிய இணைய விளையாட்டுச் சட்டம் பணம் கட்டி ஆடும் ஆட்டங்களைத் தடை செய்தது. தமிழ்நாட்டின் விதிகள் அதே ஆண்டில் முன்னதாகவே நள்ளிரவு 12 மணி முதல் காலை 5 மணி வரை அத்தகைய ஆட்டங்களுக்கு வாசலை அடைத்தன. பந்தயப் பணத்தை ஒரு குடும்பம் இழந்தால் தொகை தெரியும், வழக்குப் போடலாம். பதினான்கு வயதிலிருந்து பத்தொன்பது வயது வரை போனதற்கு எந்த நீதிமன்றத்தில் எந்தத் தொகையைக் கேட்பது? நீங்கள் பந்தயம் எதுவும் கேட்கவில்லையே.

முடித்துக்கொள்ளும்போதும் உங்கள் பண்பு குறைவதில்லை. 'ஸ்டார் வார்ஸ் கேலக்சீஸ்' 2011 டிசம்பர் 15-இலும், 'சிட்டி ஆஃப் ஹீரோஸ்' 2012 நவம்பர் 30-இலும் மூடப்பட்டபோது, ஆடியவர்கள் கடைசி நிமிடம் வரை கூடி நிற்க இடம் கொடுத்தீர்கள். இந்தியாவில் 2020 செப்டம்பர் 2-ஆம் தேதி அரசு தடை செய்த 'பப்ஜி மொபைல்', அதே ஆண்டு அக்டோபர் 30-ஆம் தேதி சர்வரை முழுவதுமாக நிறுத்தியது. அது துப்பாக்கி ஆட்டம்தான். ஆனாலும் படிநிலைக்காக ஆண்டுக்கணக்கில் உழைத்த பிள்ளைகள் இந்தக் கரையிலும் இருந்தார்கள். நிறுத்துவதைச் சொன்ன அறிவிப்பு வருத்தம் தெரிவித்தது; ஆதரவுக்கும் அன்புக்கும் நன்றி சொன்னது. அவர்கள் கொடுத்தது ஆதரவும் அன்பும் மட்டும் இல்லை என்பது உங்களுக்கு எங்களைவிட நன்றாகத் தெரியும். எத்தனை மணி நேரம் என்ற கணக்கு உங்களிடம்தான் இருந்தது.