பூசலார் மார்க்கம்

3.8 கிலோமீட்டர் நீந்தி, 180 கிலோமீட்டர் சைக்கிள் மிதித்து, அந்தக் களைப்போடு 42.2 கிலோமீட்டர் ஓடி, யாவற்றையும் 17 மணி நேரத்துக்குள் முடிக்கும் ‘அயர்ன்மேன்’ என்னும் மகா யக்ஞத்தை 1978-ல் ஹவாய்த் தீவுகளில் தொடங்கி வைத்த புண்ணியவான்கள், அதைச் சம்சாரத்தோடு சேர்த்து நடத்தும் உபாயத்தை மட்டும் சொல்லாமல் விட்டுவிட்டார்கள். அக்குறையைத் தீர்த்தவர் திருநின்றவூரில் என் அண்டை வீட்டுக்காரர்.

விடியற்காலை நாலு மணிக்கு ஓடப் புறப்படும் அவர், கால் பிசகிவிடலாகாதே என்ற பரம ஜாக்கிரதையினால், தெருமுனையில் பால் பாக்கெட் வாங்க மட்டும் ஸ்கூட்டரில் போகிறார். ரேஷன் கடை வரிசையில் நிற்பது தசைகளுக்கு ஹானி. ஆகவே அது அம்மையாரின் இலாகா. மாமனாரின் சஷ்டியப்தபூர்த்தி ஓய்வு நாளில் வந்து வாய்த்தபடியால் அதற்கு எழுந்தருளி, கைக்கடிகாரத்தில் நாடித்துடிப்பைப் பார்த்தவாறே அட்சதை போட்டார். இத்தகைய சமநிலை யோகிகளுக்கும் சித்திக்குமோ?

நீச்சல்தான் இடித்தது, ஊர் ஏரியில் இறங்க அம்மையாரின் சம்மதம் கிடைக்கவில்லை. ஆனால் பொருள் கிட்டாமற்போகவே மனத்துக்குள்ளேயே சிவாலயம் எழுப்பிய பூசலார் நாயனாரின் ஊரல்லவா இது! நண்பர் இப்போது கட்டிலில் படுத்தபடியே நீந்துகிறார். சென்ற ஞாயிற்றுக்கிழமை சைக்கிளும் ஓட்டமுங்கூட அவ்வண்ணமே பூர்த்தியாயினவாம். பூசலாருக்காக, கனவில் ஈசன் இட்ட ஆக்ஞைப்படி, காஞ்சியில் தான் கட்டிய கோயிலின் பிரதிஷ்டையையே காடவர்கோன் என்னும் மன்னன் ஒத்திவைத்தான். நண்பரின் ஆபீஸ் மானேஜருக்கு அப்படியொரு சொப்பனம் இன்னும் வராதபடியால், திங்கட்கிழமைக்குக் கேட்ட லீவு மட்டும் நிலுவையில் இருக்கிறது.