எரியாத பல்பைப் பார்க்கப் போன காலம்

நாகர்கோவிலில் கிறிஸ்துமஸ் தொடங்குவது டிசம்பர் 3 அன்று. கோட்டார் சவேரியார் கோயில் திருவிழாவின் கடைசி நாள் அது. மாவட்டத்துக்கே உள்ளூர் விடுமுறை. தேர் பார்த்துவிட்டுத் திரும்பும்போது அப்பாவின் ஒரு கையில் ஈத்தம்பழப் பொட்டலமும் இன்னொரு கையில் சுருட்டிய கலர் பேப்பரும் இருக்கும். மறுநாளே திண்ணையில் மூங்கில் சிம்பு, நூல்கண்டு, மைதாப் பசை எல்லாம் பரத்தி வைத்து நட்சத்திர வேலை ஆரம்பமாகிவிடும்.

எங்கள் வீடு சி.எஸ்.ஐ. ரிங்கல்தௌபே என்ற மிஷனரி 1806-இல் மயிலாடிக்கு வந்து தொடங்கிவைத்த வழி. ஆகவே சொரூபம் கிடையாது, குடில் கிடையாது. நட்சத்திரம் மட்டும் உண்டு. பக்கத்து வீடு ஆர்.சி. அவர்கள் குடில் கட்டுவார்கள். ‘அதெல்லாம் நமக்குச் சொன்னதில்லை’ என்று வீட்டுக்குள் சொல்லிவிட்டு, சாயங்காலம் ஆனதும் அங்கே போய் நின்று வாய்பிளந்து பார்ப்போம். எதிர்வீட்டுக்காரர்கள் இந்துக்கள். கார்த்திகைக்கு ஏற்றிய அகல்கள் அவர்கள் திண்ணையில் கழுவிக் கவிழ்த்தபடி கிடக்கும்; அவற்றுக்கு மேலே ஒரு சிவப்பு நட்சத்திரம் தொங்கும். ‘பிள்ளைகள் ஆசைப்படுது’ என்பார்கள். கட்டிக் கொடுத்தது அப்பாதான்.

அப்பா பள்ளிக்கூடத்தில் அறிவியல் சார். நட்சத்திரம் வெறுமனே எரிந்தால் அவருக்குப் போதாது, மின்ன வேண்டும். அதற்கு அவரிடம் ஒரு வித்தை இருந்தது. டியூப் லைட்டில் மாட்டுகிற ஸ்டார்ட்டரைக் கழற்றி, நட்சத்திரத்துக்குள் இருக்கும் குண்டு பல்புக்கு முன்னால் தொடராக இணைத்துவிடுவார். அதற்குள் இருக்கும் சின்னத் தகடு சூடாகி ஒட்டும், ஆறி விலகும், மறுபடி ஒட்டும். பல்ப் கண் சிமிட்டும். டிசம்பர் மாதம் முழுவதும் எங்கள் வீட்டு ஹாலில் டியூப் லைட் எரியாததற்குக் காரணம் இதுவே. அம்மா மண்ணெண்ணெய் விளக்கில் அரிசி பொறுக்கிக்கொண்டே, ‘வெளிய போறவனுக்கு வெளிச்சம், வீட்டுல இருக்கவனுக்கு இருட்டு’ என்பாள்.

அடுத்தது சீரியல் செட். இந்தத் தலைமுறைக்கு அதை விளக்கியே தீரவேண்டும். ஒவ்வொன்றும் ஆறு வோல்ட் பல்ப். வீட்டுக்கு வருவது 230 வோல்ட். நாற்பது பல்பை ஒன்றன்பின் ஒன்றாகக் கோத்துவிட்டால் ஆளுக்கு ஆறு வோல்ட் பங்கு வந்து கணக்கு சரியாகும். கூட்டுக் குடும்பம் மாதிரி. ஒருத்தர் முறுக்கிக்கொண்டால் நாற்பது பேருக்கும் சாப்பாடு கிடையாது. முறுக்கிக்கொண்டது யார் என்பதுதான் கேள்வி. அப்பா டெஸ்டரை எடுத்து நடுவிலிருந்து தொடங்குவார். டெஸ்டரில் வெளிச்சம் வந்தால் திருடன் இந்தப் பக்கம் இல்லை, அந்தப் பாதியில் இருக்கிறான். பிறகு அந்தப் பாதியில் பாதி. ஐந்தாறு தடவை தொட்டால் ஆள் அகப்பட்டுவிடுவான். மாற்றுவதற்குப் பல்ப் இல்லையென்றால் அவனை வெட்டி எறிந்துவிட்டு ஒயரை முறுக்கி இன்சுலேஷன் டேப் சுற்றிவிடலாம். ஆனால் போனவனுடைய ஆறு வோல்ட்டையும் மிச்சமுள்ளவர்கள் பகிர்ந்து சுமக்க வேண்டும். கூடுதல் பிரகாசமாக எரிவார்கள், கூடுதல் வேகத்தில் சாவார்கள். புத்தாண்டுக்குள் எங்கள் செட் இளைத்து, பார்க்கிறவர் கண் கூசும் அளவுக்கு ஜொலிக்கும். ‘சார் வீட்டு செட்டுதான் தெருவுலேயே பவரு’ என்று ஊர் மெச்சும். அப்பா மறுத்துப் பேசமாட்டார்.

இரவு சாப்பாடு முடிந்ததும் குடும்பமாக லைட் பார்க்கக் கிளம்புவோம். இன்று அதை நினைத்துப் பார்த்தால், நாங்கள் எரிகிற லைட்டைப் பார்க்கப் போனதாகச் சொல்ல முடியாது. எரியாததைப் பார்க்கத்தான் போனோம்.

‘போஸ்ட்மாஸ்டர் வீட்டுல பாதி எரியல்லியே’ என்று அம்மா சொல்வாள். குரலில் இருப்பது கவலை மாதிரிதான் கேட்கும். அப்பாவின் கை தானாகச் சட்டைப் பைக்குப் போகும். டிசம்பரில் அவர் பேனா இல்லாமல் வெளியே இறங்குவார், டெஸ்டர் இல்லாமல் இறங்கமாட்டார். முழுசாக எரிகிற வீட்டைத் தெருவில் நின்றபடியே ஒரு பார்வை பார்த்து, ‘நல்லாத்தான் இருக்கு’ என்று நகர்ந்துவிடுவோம். பாதி எரிகிற வீட்டில் மட்டும் படியேறுவோம். ‘வாங்க சார், இரிங்க’ என்று முக்காலி வரும். அப்பா மேலே ஏறி நிற்க, போஸ்ட்மாஸ்டர் முக்காலியைப் பிடித்துக்கொள்ள, உள்ளேயிருந்து அச்சுமுறுக்கும் முந்திரிக்கொத்தும் கட்டன் காப்பியும் வரும். அம்மாவும் அந்த வீட்டம்மாவும் உள் அறைக்குப் போய்விடுவார்கள். யாருக்குப் பெண் பார்க்கிறார்கள், எந்த வீட்டில் பாகப்பிரிவினை என்பதெல்லாம் அந்த ஒரு பல்ப் அகப்படுவதற்குள் பேசி முடிந்துவிடும். சில வீடுகளில் பேச்சு முடியாது. அப்போது அப்பா கண்டுபிடித்த பல்பைச் சொல்லாமல் வைத்திருப்பார் என்பது என் சந்தேகம்.

பக்கத்து வீட்டுக் குடில் வேறு ரகம். இரண்டு வாரம் முன்னாலேயே பரந்த தகரத்தில் மண் போட்டுக் கேழ்வரகு தூவிவிடுவார்கள். கிறிஸ்துமஸுக்குள் விரல் நீளத்துக்குப் பச்சை எழும்பி நிற்கும். அதுதான் பெத்லகேமின் புல்வெளி. முகம் பார்க்கும் கண்ணாடியை மண்ணில் பதித்தால் ஏரி. அதன் கரையில் வாத்து. கூரைமேல் பஞ்சைப் பிய்த்துப் போட்டால் பனி. பனி என்றால் மார்கழிக் காலையில் தும்மல் வரவைப்பது என்று மட்டுமே அறிந்த ஊரில், தென்னங்கீற்றின்மேல் பஞ்சுப் பனி கொட்டிக்கிடக்கும். சொரூபங்கள் ஒரே நேரத்தில் வாங்கியவை அல்ல, ஆகவே ஆட்டுக்குட்டி சூசையப்பரின் தோள் உயரம் இருக்கும். ஒரு வருஷம் அந்த வீட்டுச் சின்னப் பையன் தன் பொம்மை அம்பாசடர் காரையும் மூன்று ராஜாக்களுக்குப் பின்னால் நிறுத்தியிருந்தான். யாரும் எடுக்கவில்லை. 1223-இல் கிரெச்சோ என்ற இத்தாலியக் கிராமத்தில் முதல் குடிலை அமைத்த அசிசி பிரான்சிஸ், நிஜ மாட்டையும் நிஜக் கழுதையையும் கொண்டு நிறுத்தியவர். அம்பாசடரையும் அவர் ஒத்துக்கொண்டிருப்பார்.

கோயில் வாசலில் மட்டும் சவுண்ட் சர்வீஸ்காரரின் பெரிய வேலை இருக்கும். மூங்கில் சட்டத்தில் ஆயிரக்கணக்கான பல்ப். வானதூதர் சிறகடிப்பார், நட்சத்திரம் ஓடும். கூட்டம் முன்னால் நிற்கும். நாங்கள் பின்னால் போய் நிற்போம், ஏனென்றால் ஆச்சரியம் பின்னால்தான் இருந்தது. ஒரு மர உருளை. அதன் மேல் செம்புத் தகடுகளைத் துண்டு துண்டாக ஆணியடித்திருப்பார்கள். மோட்டார் அதை மெதுவாக உருட்டும். வரிசையாக நிற்கும் கம்பி நாக்குகள் தகட்டைத் தொட்டால் அந்த வரிசை எரியும், மரத்தைத் தொட்டால் அணையும். தகட்டை எங்கே அடிப்பது என்பதில்தான் வானதூதரின் சிறகு இருந்தது. உருளைக்குப் பக்கத்தில் பீடி குடித்தபடி உட்கார்ந்திருப்பவரைவிடப் பெரிய ஆள் உலகத்தில் இல்லை என்று நான் நினைத்திருந்தேன்.

பிறகு எல்லாம் சீக்கிரம் நடந்தது. சைனா செட் வந்தது. எட்டு விதமாக மின்னும் பெட்டியோடு, சிலதில் கொசு பாடுவது போன்ற இசையும் உண்டு. கெட்டுப்போனால் தூக்கிப் போடு. முக்காலி தேவையில்லை. மின்வெட்டு உச்சத்திலிருந்த 2012 டிசம்பரில், இன்வெர்ட்டர் உள்ள வீட்டு நட்சத்திரம் மட்டும் எரிந்து, யார் வீட்டில் எவ்வளவு பணம் என்பதை ஞானிகளுக்கும் மற்றவர்களுக்கும் வழிகாட்டிச் சொன்னது. அதற்கப்புறம் எல்.ஈ.டி. பிரகாசமான நீல எல்.ஈ.டி.யைக் கொண்டுவந்ததற்காக மூன்று விஞ்ஞானிகளுக்கு 2014-இல் நோபல் பரிசு கொடுத்தார்கள். அந்த நீலத்தின்மேல் மஞ்சள் பாஸ்பர் பூசினால் வெள்ளை ஒளி. மலிவான ஒளி, உண்மைதான். ஆனால் பரிசுக் குழுவினர் ஒருமுறை எங்கள் தெருவுக்கு வந்து, எல்லார் முகமும் நீலம் பாரித்து நிற்பதையும் பார்த்திருக்கலாம். இந்த ஆசை புதிதல்ல; கிறிஸ்துமஸ் மரத்துக்கு முதன்முதலில் மின்விளக்கு போட்டவர் எடிசனின் கூட்டாளி எட்வர்ட் ஜான்சன். 1882-இல் நியூயார்க்கில் தன் வீட்டில் சிவப்பு, வெள்ளை, நீலம் என எண்பது பல்ப் மாட்டி, மரத்தையே மோட்டார் வைத்துச் சுற்றவிட்டார். அவருக்கும் சின்ன ஆசை கிடையாது.

ஒரு வருஷம் மட்டும் நாங்கள் எதுவும் பார்க்கப் போகவில்லை. 2017 நவம்பர் கடைசியில் ஒக்கி புயல் அடித்தது. கடலுக்குப் போன எத்தனையோ பேர் திரும்பவில்லை. கடற்கரை ஊர்கள் இருட்டாக இருந்தன. உள்ளூரிலும் பலர் நட்சத்திரம் கட்டவில்லை.

இப்போது லைட் பார்க்கப் போவது காரில். பெங்களூரிலிருந்து மகள் வந்திருப்பாள், பேரன் இருப்பான். எந்த ஊரில் எந்தக் குடில் என்று மகள் கைப்பேசியில் வழி போட்டு வைத்திருப்பாள். எங்கள் பக்கத்துக் கோயில்களிலும் இப்போது குடில் வந்துவிட்டது. இதற்காக இறையியல் விவாதம் எதுவும் நடந்ததாகத் தெரியவில்லை. எல்.ஈ.டி. வந்தது, கூடவே குடிலும் வந்தது. ஒவ்வொரு இளைஞர் மன்றமும் ஒரு மலையையே எழுப்புகிறது. அருவி கொட்டும், ஒட்டகம் தலையாட்டும் (உள்ளே இருப்பது கார் வைப்பர் மோட்டார்), ஏரோது மிரட்டுவார், ஒலிபெருக்கி விளக்கம் சொல்லும். வாசலில் கொடை கொடுத்தவர்களின் படங்களோடு ஃப்ளெக்ஸ். குழந்தை இயேசுவைவிடப் பெரிய முகங்கள். ஆட்டுக்குட்டிப் பிரச்சினை இன்னும் தீரவில்லை. பார்க்கிங் இல்லை. முன்னால் ஒரு வேன், பின்னால் ஒரு வேன். குடிலைப் பார்த்ததைவிட வேனின் பின்கண்ணாடியைப் பார்த்ததே அதிகம். எல்லாமே எரிகிறது. எல்லாமே எரிவதால் எந்த வீட்டுக்குள்ளும் போக வேண்டியதில்லை. வழியிலிருக்கும் வீடுகளும் கேட்டைப் பூட்டிக்கொண்டுதான் ஜொலிக்கின்றன.

முன்சீட்டில் அப்பா. சட்டைப் பையில் டெஸ்டருக்குப் பதில் மாத்திரை டப்பா. ஒவ்வொரு ஊரிலும் ‘எப்படி இருக்கு தாத்தா?’ என்று மகள் கேட்பாள். ‘நல்லாத்தான் இருக்கு.’ அந்தக் குரல் எனக்குத் தெரியும்.

போன வருஷம் ஒரு குடிலில் வரிசை நகரவில்லை. அப்பா கால் மரத்துவிட்டது என்று இறங்கினார். கொஞ்ச நேரம் கழித்துப் பார்த்தால் ஆளைக் காணோம். குடிலுக்குப் பின்னால் போனேன். தார்ப்பாய்க்குக் கீழே லேப்டாப்பைச் சுற்றி நாலைந்து பையன்கள் வியர்த்துக்கொண்டிருந்தார்கள். மலையைச் சுற்றி ஓட வேண்டிய விளக்கு பாதி மலையோடு நின்றுவிட்டது.

‘எது வரைக்கும் எரியுது, மக்களே?’

‘பிக்ஸல் லைட்டு தாத்தா. ஒண்ணு போச்சுன்னா அதுக்கப்புறம் உள்ளதுக்குத் தகவல் போகாது. மிச்சம் மொத்தமும் அவுட்டு.’

அப்பாவின் முகத்தை அப்போது பார்த்திருக்க வேண்டும். நாற்பது வருஷம் காணாமல் போன சொந்தக்காரன் பஸ்ஸிலிருந்து இறங்கி வந்ததுபோல இருந்தது. ‘ஒரு டெஸ்டர் கொண்டா’ என்றார்.

‘டெஸ்டர்ல காட்டாது தாத்தா, பன்னெண்டு வோல்ட்டுதான்.’

‘அப்ப ரொம்ப நல்லது. தொட்டுப் பார்க்கவே வேண்டாம், கண்ணால பார்த்தாப் போதும். எரியாததுல முதல் ஆளைப் பிடி.’ ஒரு பையன் ஏணியில் ஏறினான். அப்பா கீழே நின்று ஏணியைப் பிடித்துக்கொண்டார். அந்தப் பல்பை வெட்டிவிட்டு இணைத்தார்கள். எரியவில்லை. அப்பா அசரவில்லை. ‘கடைசியா எரியுறான்ல, அவன் மேலயும் ஒரு சந்தேகம் வை. அவன் வாங்கிக்கிடுவான், அடுத்தவனுக்குக் கொடுக்கமாட்டான்.’

அவனையும் வெட்டினார்கள். மலை முழுக்க ஒரே ஓட்டமாக வெளிச்சம் ஓடியது. முன்னால் கூட்டம் கைதட்டியது, யாருக்கு என்று தெரியாமல். எங்கிருந்தோ ஒரு பிளாஸ்டிக் நாற்காலி வந்தது. ஒரு தட்டும் காப்பியும் வந்தன. அப்பா டியூப் லைட் ஸ்டார்ட்டரைப் பற்றித் தொடங்கிவிட்டார். ‘ஸ்டார்ட்டர்னா என்ன தாத்தா?’ என்று லேப்டாப் பையன் கேட்டான்.

மனைவி மூன்று தடவை போனில் கூப்பிட்டுவிட்டாள். இன்னும் இரண்டு ஊர் பாக்கி இருக்கிறதாம். கார் வழியை மறித்துக்கொண்டு நின்றது. விசிலோடு ஒரு தொண்டர் பையன் வந்து, ‘அண்ணே, வண்டிய எடுங்க’ என்றான். அப்பா வந்தால்தான் எடுக்க முடியும் என்றேன்.

அவன் தார்ப்பாய்க்குள் எட்டிப் பார்த்தான். ‘அவரு இப்ப வரமாட்டாரு. நீங்க போய்ப் பார்த்துட்டு வாங்க. நாங்க பைக்குல கொண்டு விட்டுருதோம்.’