மேம்படுத்தலுக்குப் பின் அழிந்த கோப்புகள் மீண்டெழுதல்: ஒரு முதற்கட்ட ஆராய்ச்சி

வீட்டுக் கணினி, அலுவலக மடிக்கணினி, கைப்பேசி மூன்றிலும் ஒரே கோப்புறை ஒரே மாதிரி இருக்கவேண்டும் என்பதற்காக மனிதர்கள் ஒரு சிங்க் மென்பொருளை அமர்த்திக்கொள்கிறார்கள். அது வருஷக்கணக்கில் வாய் திறவாமல் உழைக்கிறது. ஒருநாள் பெரிய அப்டேட் வருகிறது. மறுநாள் காலையில் பார்த்தால், எப்போதோ அழித்த கோப்புகளெல்லாம் திரும்பி வந்து உட்கார்ந்திருக்கின்றன. நேற்று எழுதியதைக் காணோம். இந்நிகழ்வைப் பற்றிப் பாதிக்கப்பட்டோர் வாய்மொழியாக விட்டுச்சென்ற சான்றுகள் ஏராளம். ஆனால் அவை வசை இலக்கியத்தில் சேருமே தவிர ஆய்வு இலக்கியத்தில் சேரா. அக்குறையைப் போக்கவே யாம் இதனை எழுதப் புகுந்தோம்.

முதலில் வரையறை. பதிப்பெண்ணில் புள்ளிக்கு முன்னுள்ள எண் மாறினால் பேரப்டேட். புள்ளிக்குப் பின்னுள்ளது மாறினால் சிற்றப்டேட். இரண்டும் சம அளவில் கெடுதல் செய்யவல்லன. பேரப்டேட்டுக்கு மட்டும் முன்கூட்டியே வாழ்த்துச் செய்தி வரும் என்பதே வேறுபாடு.

இனி மூலவினா. இடப்பக்கக் கணினியில் ஒரு கோப்பு இருக்கிறது, வலப்பக்கத்தில் இல்லை. இங்கே புதிதாகப் பிறந்ததா, அங்கே அழிக்கப்பட்டதா? இரு வட்டுகளையும் விடிய விடிய உற்றுப் பார்த்தாலும் விடை கிடைக்காது, ஏனெனில் விடை வட்டில் இல்லை. போன முறை இரண்டும் ஒத்திருந்தபோது எப்படி இருந்தன என்று எழுதிவைத்த குறிப்பு ஒன்று வேண்டும். 1998இல் எஸ். பாலசுப்ரமணியமும் பெஞ்சமின் பியர்ஸும் ‘கோப்பு ஒத்திசைப்பி என்றால் என்ன?’ என்றே தலைப்பிட்டு ஒரு கட்டுரை எழுதி, இத்தகைய மென்பொருள் செய்யவேண்டியது என்ன என்பதைக் கணித முறையில் வரையறுத்தார்கள். அதற்கு இரண்டாண்டு முன்பு வந்த ஆர்சிங்க் என்னும் மென்பொருளுக்கு இந்தத் தொல்லை இல்லை. அது ஒரு பக்கத்தை முதலாளியாகவும் மறுபக்கத்தைத் தொழிலாளியாகவும் கொண்டு நகலெடுப்பது. தொழிலாளி என்ன நினைக்கிறான் என்று அது கேட்பதில்லை. இருபுறமும் முதலாளியாக இருக்க ஆசைப்பட்டபோதுதான் குறிப்பேடு தேவைப்பட்டது.

மொய் நோட்டு தொலைந்த கல்யாண வீட்டை இங்கே நினைக்க. யார் எவ்வளவு செய்தார், எதற்குத் திருப்பிச் செய்தார் என்பது போய்விட்டால் வந்ததெல்லாம் புது மொய்தான். சிங்க் மென்பொருளும் குறிப்பேடு போனால் அப்படியே: கண்ணில் படுவதெல்லாம் அதற்குப் புதுப் பிறப்பு. அழித்த கோப்பு ஏதாவதொரு பழைய மடிக்கணினியில் கிடந்தால், ‘அடடா, இது மற்றவர்களிடம் இல்லையே’ என்று இரக்கப்பட்டு எல்லாருக்கும் வழங்கிவிடும். இதில் வன்மம் ஏதுமில்லை, நினைவிழந்தவரின் நல்லெண்ணம்.

பேரப்டேட் கைவைப்பது இந்தக் குறிப்பேட்டில்தான் என்பதே யாம் நிறுவ விழையும் கருத்து. சான்று ஒன்று: பியர்ஸ் பென்சில்வேனியா பல்கலைக்கழகத்தில் உருவாக்கிய யுனிசன் என்னும் ஒத்திசைப்பி. அதன் கையேடே வெளிப்படையாகச் சொல்கிறது: புதிய பதிப்பு சில வேளைகளில் குறிப்பேட்டின் வடிவத்தை மாற்றும், அப்போது பழைய ஏடு அழிக்கப்படாது, ஆனால் பொருட்படுத்தப்படாது, இரு பக்கத்துக்கும் இடையேயுள்ள ஒவ்வொரு வேறுபாடும் முரண்பாடாக உங்கள் முன் வந்து நிற்கும், ஆகவே அப்டேட்டுக்கு முன் பழைய பதிப்பைக் கொண்டே எல்லாவற்றையும் ஒத்திசைத்துவிடுங்கள். இவ்வளவு தெளிவான முன்னெச்சரிக்கையை வேறெந்த மென்பொருளிலும் யாம் கண்டதில்லை. யுனிசனுக்கு இன்னொரு சிறப்பும் இருந்தது. இரு கணினிகளிலும் பதிப்பெண் ஒன்றாக இருந்தாலும் போதாது. அதை உருவாக்கிய ஒகாமல் கம்பைலரின் பதிப்பும் பொருந்தாவிட்டால் இரண்டும் பேசிக்கொள்ளா. ஒரு பக்கத்தில் லினக்ஸை மேம்படுத்தினால் மறுபக்கத்தோடு பேச்சுவார்த்தை முறிந்தது. 2022இல் வந்த 2.52ஆம் பதிப்புதான் இந்தப் பிணக்கைத் தீர்த்தது. அது சிற்றப்டேட் என்பதைக் கவனிக்க. எம் வரையறை அங்கேயே ஆட்டம் காண்கிறது.

சான்று இரண்டு: சிங்க்திங் என்னும் மற்றோர் ஒத்திசைப்பி. 2025 ஆகஸ்டில் அதன் 2.0 வந்தபோது குறிப்பேடு லெவல்டிபி என்னும் தரவுத்தளத்திலிருந்து எஸ்கியூலைட் என்னும் தரவுத்தளத்துக்குக் குடிபெயர்ந்தது. முதன்முறை திறக்கும்போது பழையதைப் பெயர்த்தெழுத நெடுநேரம் ஆகலாம் என்று அறிவித்தார்கள். அந்நேரத்தில் திரை அசைவற்றதாகத் தோன்றலாம். அசைவற்ற திரையைக் கண்டால் பவர் பட்டனை அழுத்திப் பிடிக்கும் மரபினர் நம்மிடையே உளர். அவர்களைத் தனியே ஆராயவேண்டும். அதே பதிப்பு, அழிக்கப்பட்ட கோப்புகளைப் பற்றிய குறிப்பை என்றென்றும் காப்பதையும் நிறுத்திவிட்டது. இத்துறையில் ஒரு கோப்பு அழிந்தால் அதற்கொரு நடுகல் நடுவார்கள்: ‘இப்பெயர் கொண்டது இன்ன நாளில் மாண்டது’. கல் நிற்கும்வரைதான் இறப்பு செல்லும். குறித்த மாதங்கள் கழிந்து கல்லைப் பிடுங்கிய பின், பரணில் கிடந்த ஒரு பழைய மடிக்கணினியைத் துடைத்து இணைத்தால் மாண்டவர் எழுந்து வர வாய்ப்புண்டு.

தமிழில் பெயர் வைப்போருக்கு நேரும் துன்பம் ஒன்றை இங்கே விரித்துரைக்க வேண்டும். யூனிகோடில் ‘பொ’ என்பதை இரு வகையில் எழுதலாம்: பகரத்தோடு ஒகரக் குறி ஒன்றாக, அல்லது பகரத்தோடு கொம்பும் காலும் தனித்தனியாக. கண்ணுக்கு இரண்டும் ஒன்றே. ஆனால் ‘பொங்கல்’ என்ற கோப்புறைப் பெயர் முதல் வகையில் 21 பைட், இரண்டாம் வகையில் 24 பைட். 1998இல் ஆப்பிள் கொண்டுவந்த எச்எஃப்எஸ் பிளஸ் என்னும் கோப்பு முறைமை பெயர்களைப் பிரித்தே எழுதிவைக்கும். லினக்ஸ் கொடுத்ததைக் கொடுத்தபடி வைத்துக்கொண்டு இரண்டையும் வெவ்வேறு ஆளாகக் கருதும். 2017இல் மேக்குக்கு வந்த ஏபிஎஃப்எஸ் கொடுத்தபடி வைத்துக்கொள்ளும், ஆனால் ஒப்பிடும்போது ஒன்றாகக் கொள்ளும். இந்த மூவருக்கும் நடுவே நின்று சமாதானம் செய்துவந்த சிங்க் மென்பொருள், பேரப்டேட்டில் ஒப்பிடும் முறையை இழையளவு மாற்றிக்கொண்டாலும் பொங்கல் இரண்டாகிவிடும். தீபாவளிக்கு இந்த ஆபத்து இல்லை. அப்பெயரில் கொம்பும் காலும் சேர்ந்த எழுத்தே கிடையாது. எவ்வகையில் எழுதினாலும் 21 பைட்தான். கொலு இரட்டிக்கும், பரணி இரட்டிக்காது. ஔவை முதலெழுத்திலேயே மாட்டிக்கொள்கிறார். பண்டிகைப் படங்களைச் சேமிப்போர் இதனை ஊன்றி நோக்குக.

நேரமுத்திரையால் வரும் குழப்பத்தை விரைந்து கடப்போம். பென்டிரைவ்களில் வழங்கும் ஃபேட் முறை கோப்பு மாறிய நேரத்தை இரண்டு வினாடிக்கு ஒருமுறைதான் குறிக்கும், அதையும் உள்ளூர் நேரத்தில். ஆண்டுக்கு இருமுறை கடிகாரத்தைத் தள்ளிவைக்கும் நாடுகளில் இதனால் ஒரே இரவில் எல்லாக் கோப்பும் மாறியதாகத் தோன்றும். நமக்கு அந்தப் பாக்கியம் இல்லை.

‘மீண்டெழுவது மட்டுந்தானா, காணாமல் போவது இல்லையா?’ என்பது தடை. உண்டு என்பது விடை. 2018 அக்டோபரில் விண்டோஸ் 10இன் 1809 பதிப்பு, ஆவணக் கோப்புறையை வேறிடத்துக்குத் திருப்பிவிட்டிருந்த சிலரிடத்தில், பழைய இடத்தில் இருந்ததைத் தேவையற்ற இரட்டை என்று எண்ணிக் கோப்புகளோடு சேர்த்துத் துடைத்தது. மைக்ரோசாஃப்ட் சில நாளில் விநியோகத்தை நிறுத்தி, நவம்பர் 13 அன்று திருத்தி வெளியிட்டது. 2023 நவம்பரில் கூகுள் டிரைவின் கணினிச் செயலி 84ஆம் பதிப்பில், மேலே ஏறாமல் கணினியிலேயே இருந்த கோப்புகள் சிலருக்கு மறைந்தன. மீட்கும் வழியை டிசம்பரில் கொடுத்தார்கள். இரண்டிலும் மனிதர்கள் சேமித்தார்கள், மென்பொருள் அதை உணரவில்லை. இவற்றையும் நினைவுக் குறைபாட்டின் கீழேயே யாம் வகைப்படுத்துகிறோம். மறுப்போர் தம் சான்றுகளோடு வருக, அவை இன்னும் வட்டில் இருந்தால்.

எஞ்சியது முரண்படி. இரு பக்கமும் மாறியிருந்தால் மென்பொருள் தீர்ப்புச் சொல்லாது. ஒன்றுக்கு வால் ஒட்டி இரண்டையும் வைத்துவிடும். டிராப்பாக்ஸ் ஒட்டும் வாலில் ஆளின் பெயரும் தேதியும் இருக்கும். சிங்க்திங் ஒட்டுவது தேதி, நேரம், கருவியின் அடையாளம் எல்லாம் சேர்ந்து 38 எழுத்து. லினக்ஸில் பெயருக்கு உச்சவரம்பு 255 பைட். தமிழ் எழுத்துக் குறி ஒவ்வொன்றும் 3 பைட் பிடிப்பதால் 85 குறிக்கு மேல் இடமில்லை. அரசாணைத் தலைப்பை அப்படியே கோப்புப் பெயராக வைக்கும் பழக்கமுள்ளவர்கள் முரண்பட முடியாத நிலையை இவ்வாறு எய்துகிறார்கள்.

முரண்படிகளை எதிர்கொள்வோர் இரு பிரிவினர். ஒவ்வொன்றையும் திறந்து வரிக்கு வரி ஒப்பிட்டு ஒன்றை நீக்குவோர் முதற்பிரிவு. இப்பிரிவினரைக் களஆய்வில் யாம் நேரில் கண்டிலம். ‘எதற்கும் இரண்டும் இருக்கட்டும்’ என்போர் இரண்டாம் பிரிவு. இவர்கள் வைத்துக்கொண்ட முரண்படிகளையும் மென்பொருள் சாதாரணக் கோப்புகளாகவே கருதி எல்லாக் கணினிகளுக்கும் கொண்டுசேர்க்கிறது. அடுத்த பேரப்டேட்டின்போது ஆராய்ச்சிக்குப் பொருள் பஞ்சம் இராது.